கொக்குகள் அணியில் பெயர் வராத பிள்ளை

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் திருமதி நோரா ஹாஸ்கெல் அவர்கள் சமூகத்திற்கு,

ஹார்மன் கிரீக் தானியக் கிடங்கு எமில் குசேரா பணிவன்புடன் எழுதிக்கொள்வது. தாங்கள் நலமா? தங்கள் கணவரின் முழங்கால் இப்போது மடங்குகிறதா? இங்கே நானும் என் மனைவி டார்லீனும் நலம். அறுவடை முடிந்தது. சோளத்தில் ஈரம் அதிகம் என்பதைத் தவிர வேறு குறையில்லை.

நிற்க. நம் கல்லூரி ஃபுட்பால் அணியின் சீசன் முடிந்ததற்காக நேற்று தாங்கள் வெளியிட்ட சிறப்பிதழ் அருமை. கொக்குகள் அணியின் அத்தனை பிள்ளைகள் பெயரும் இருந்தது. தண்ணீர் பாட்டில் தூக்குகிறவர் பெயர் இருந்தது. கொக்கு வேடம் கட்டி ஆடுகிற பெண்ணின் பெயர்கூட இருந்தது. என் மகன் வேட் குசேராவின் பெயர் மட்டும் இல்லை. டார்லீன் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "எமில், இன்னைக்கே நீ லெட்டர் எழுதுற. இல்லேன்னா நானே போய் அந்தம்மா மேஜை முன்னாடி உக்காந்துடுவேன்" என்றாள். அவள் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று தங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன், ஆனால் கண்டிப்பதற்காக அல்ல. நன்றி சொல்வதற்காக.

தாங்கள் போன வருஷம்வரை தோட்டக்கலைப் பக்கம் பார்த்தவர் என்பதால் விளக்கிவிடுகிறேன். நம் ஊர் ஃபுட்பாலில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதுவதுதான் முக்கால்வாசி ஆட்டம். காலுக்கு வேலை எப்போதாவதுதான் வரும், அந்த எப்போதாவதில்தான் என் மகன் களத்துக்குள் ஓடுவான். எதிரே மாட்டுக்கொட்டகைக் கதவு அகலத்துக்குத் தடியன்கள் நிற்பார்கள். இவன் குனிந்து, தலைகீழாகப் பார்த்து, தன் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் வீசுவான். ஒருவன் மண்டியிட்டு அதைப் பிடித்து நிறுத்த, இன்னொருவன் உதைப்பான். எல்லாம் சரியாக நடந்தால் ஒலிபெருக்கியில் உதைத்தவன் பெயர் வரும். வீச்சு பிசகினால் மட்டும் வீசியவன் பெயர் வரும். சூப்பில் உப்பு சரியாக இருந்தால் யாராவது உப்பைப் பற்றிப் பேசுவார்களா? இந்த சீசன் முழுவதும் வேட் பெயர் ஒரு தடவைகூட ஒலிபெருக்கியில் வரவில்லை. எங்களுக்கு வேறென்ன வேண்டும்?

இதைக் காபிக் கடையில் வெர்ன் ஹோல்ட்டிடம் சொல்லிப் பாருங்கள். "ஏம்ப்பா எமில், உன் பையன் நெஜமாவே டீம்ல இருக்கானா, இல்ல பஸ்ல ஓசியில ஊர் சுத்துறானா?" என்றான். "அவன் பேரு உனக்குத் தெரியாதவரைக்கும் எல்லாம் நல்லா நடக்குதுன்னு அர்த்தம்டா" என்றேன். "எங்க வீட்டு நாய் பேருகூட ஊருக்கே தெரியும்" என்றான் அந்த மகானுபாவன்.

சீசன் தொடங்கிய லட்சணத்தையும் சொல்ல வேண்டும். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற பையன், முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் விடுதிக் கதவில் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டான், அவனுக்குப் பதிலாக வந்தவன் எறிந்ததெல்லாம் எதிரணிக்கே போய்ச் சேர்ந்தது, அவ்வளவு தாராள மனசு, முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி, மூன்றாவதுக்குப் போகும்போது தெற்கு டகோட்டா எல்லையில் பஸ் படுத்துவிட்டது, பிள்ளைகளே இறங்கித் தள்ளினார்கள், வேட் அங்கேயும் குனிந்துதான் நின்றானாம், அந்தக் களைப்போடு போய் ஆடி ஜெயித்தும் விட்டார்கள். அன்றிலிருந்து பயிற்சியாளர் ராஸ்முசன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் நல்ல பஸ்ஸையே தள்ளவைத்தார். உள்ளூர் ஆட்டத்துக்கும் ஒரு பஸ்ஸை வரவழைத்துத் தள்ளினார்கள். டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டும் கேட்கவில்லை. அதன்பின் தோல்வியே இல்லை.

கடைசி ஆட்டம் ஸ்ட்ராட்டன் கல்லூரியோடு. ஜெயித்தவர்களுக்குப் பரிசு ஒரு பழைய பால்கேன். அடியில் ஓட்டைதான், ஆனாலும் அதற்காக இரண்டு ஊரும் பெண் கொடுத்து எடுப்பதைக்கூட நிறுத்தியிருக்கிறது. அது நம்மிடம் இருந்தபோது என் தலையில் முடி இருந்தது. வேட்டுக்கு இது கடைசி வருஷம், படிப்பு முடிந்தால் இந்த வீச்சுக்கு உலகத்தில் வேறெங்கும் வேலையில்லை. சில நொடிகளே பாக்கி. இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம், உதை உள்ளே போனால் மூன்று கிடைக்கும். எலும்பைத் துளைக்கிற வடகாற்று. கையிலிருந்த சில்லிக் கறிக்குழம்பும் லவங்கப்பட்டை ரொட்டியும் அப்படியே ஆறிப்போயின. டார்லீன் என் கையை இறுக்கிக்கொண்டு, "ஆண்டவரே, எம்புள்ள பேரு மட்டும் வந்துடக் கூடாது" என்று முணுமுணுத்தாள். வேட் விரல்களில் ஊதிக்கொண்டான், பந்தின் தையலைத் தடவிப் பார்த்தான், குனிந்தான். கொக்குக்கு ஒன்றே மதி. பந்து விர்ரென்று திருகிக்கொண்டு போய், மண்டியிட்டிருந்தவன் கையில் பூப்போல உட்கார்ந்தது. தையல் எந்தப் பக்கம் இருக்க வேண்டுமோ அந்தப் பக்கம் இருந்தது. நம் உதைகாரன் டோபியாஸ் உதைத்தான். கம்பங்களுக்கு நட்டநடுவே போயிற்று.

ஊரே பாய்ந்து டோபியாஸைத் தோளில் தூக்கியது. என் மகன் மூன்று ஸ்ட்ராட்டன் தடியன்களுக்கு அடியில் கிடந்தான். எழுந்தவன் பால்கேன் பக்கம் ஓடவில்லை, தன்மேல் விழுந்த ஒருவனின் பல்லுறையைப் புல்லில் தேடி எடுத்துக் கொடுத்தான். அந்தத் தடியன் அதை வாங்கிக்கொண்டு, "நாசமாப் போறவனே, நல்லாப் போட்டடா" என்றானாம். அன்றைக்கு அவனைப் பாராட்டியது எதிரி ஒருவன்தான். அதைக் கேட்டு நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஆகவே திருத்தம் எதுவும் போட வேண்டாம். டார்லீனிடம் தங்களைக் கிழிகிழியென்று கிழித்து எழுதியிருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். வழியில் அவளைப் பார்த்தால் தயவுசெய்து கொஞ்சம் முகம் வாடினாற்போல் இருங்கள்.

தங்கள் இல்லமும் அச்சு இயந்திரமும் பழுதில்லாமல் ஓட ஆண்டவர் அருள்வாராக.

இங்ஙனம்,
எமில் குசேரா

பி.கு.: கடைசி வீச்சைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் டார்லீன் சொன்னது. அந்த நேரத்தில் நான் அவள் கையைப் பிடித்தபடி, களத்துக்கு முதுகைக் காட்டி, தொப்பியை முகத்தில் அமுக்கிக்கொண்டு நின்றேன். ஆட்டம் முடிந்து சேறும் புல்லுமாக வந்த பிள்ளை, "அப்பா, கடைசியா போட்டதப் பாத்தீங்களா?" என்று கேட்டான். "பாக்காம இருப்பேனாடா?" என்றுவிட்டேன். தங்கள் புகைப்படக்காரர் அதை எடுத்திருந்தால் ஒரு படம் கொடுத்தனுப்புங்கள். முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அச்சில் போடுவதற்கில்லை, எனக்குத்தான். வியாழக்கிழமை நன்றி கூறும் நாள் வான்கோழி விருந்துக்கு வேட் வீட்டுக்கு வருகிறான். அதற்குள் நான் அதைப் பார்த்துவிட வேண்டும்.