சம்பந்தி இன்னும் இருக்கிறார்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாளும் நலம் என்று நம்புகிறேன். நம்புவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஒன்பது நாட்களாகத் தாங்கள் என் போனை எடுக்கவில்லை. இங்கே நாங்கள் இருவரும் உடல் அளவில் நலம். மற்ற அளவுகளைக் கீழே எழுதுகிறேன். இது நான்காவது கடிதம். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன். இதுவும் சரியாக வராது என்றுதான் தோன்றுகிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், வரிசை தவறினால் எனக்குக் கை ஓடாது. நான் வானிலை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் மழைமானி பார்த்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். காலை எட்டரைக்கு அலுவலகத்தின் பின்புறம் போய், மானியில் சேர்ந்த தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவேன். தேதி, மழை, காற்று, மேகம், கடைசியாகக் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். முதல் மாதம் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். என் முதல் மேலதிகாரி பதிவேட்டை என் பக்கம் திருப்பி, "கட்டம் காலியா இருந்தா, ஆள் வேலைக்கு வரலன்னு அர்த்தம்" என்றார். மறுநாள் 'இல்லை' என்று எழுதினேன். "இல்லங்கறது ஒரு குறிப்பாய்யா?" என்று சிவப்பு மையால் அடித்தார். அன்றிலிருந்து எதையாவது எழுதத் தொடங்கினேன். மழை இல்லை, நாற்காலிக் கால் உடைந்தது. மழை இல்லை, மகளுக்குப் பல் விழுந்தது. அவருக்குப் பின் ஆறு அதிகாரிகள் வந்து போனார்கள். ஒருவரும் அந்தக் கட்டத்தைப் படித்ததில்லை. வாய்விட்டு ஒருவரிடமும் ஒன்றும் சொல்லத் துணியாத நான், அங்கே மட்டும் மனதில் பட்டதை எழுதிவந்தேன். நான் ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. பதிவேடுகளைக் கரையான் தின்றிருக்கும் என்று நிம்மதியாக இருந்தேன்.

போன மாதம் அரசாங்கம் தன்னிடம் உள்ள தரவுகளையெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்துவிட்டது. என் கையெழுத்தை இயந்திரம் படித்து ஏற்றியிருக்கிறதாம். தரவுப் பிரிவு அதிகாரி, என் மகள் வயதுப் பெண், என்னைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். "மூடி வச்ச தகவல் யாருக்கும் உதவாது ஐயா. இனிமே கடை, கட்டடம், விவசாயம் எல்லாமே இத வச்சுத்தான் நடக்கப் போகுது" என்றார். புதிய மருத்துவமனையின் தரையை என் அளவுகளைப் பார்த்து இரண்டு அடி உயர்த்தியிருக்கிறார்களாம். மெய்யாகவே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். "குறிப்பையும் போட்டுட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். "தரவுன்னா முழுசா ஐயா. வடிகட்டினா அப்புறம் யார் நம்புவாங்க?" என்றார். சம்பந்தி, நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் கொடுத்தார். எத்தனை மில்லி என்று பார்த்தேனே தவிரக் குடிக்கத் தோன்றவில்லை.

அதோடு போயிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். கட்டடக்காரர்களுக்கும் சலவைக் கடைக்காரர்களுக்கும் மழை எச்சரிக்கை விற்கிற ஒரு புதுக் கம்பெனி, என் பதிவேட்டை ஓர் எழுத்து விடாமல் இயந்திரத்துக்குக் கொடுத்திருக்கிறது. அது கண்டுபிடித்துச் சொன்னது இது: 'சம்பந்தி வந்தார்' என்று நான் எழுதிய நாட்களில் நூற்றுக்கு எழுபத்தொன்றில், இரண்டு நாளுக்குள் மழை பெய்திருக்கிறது. மேகத்தைவிடத் தாங்கள் நம்பகமானவராம். அதற்குச் 'சம்பந்திக் குறியீடு' என்று பெயர் வைத்து விற்கிறார்கள். தங்கள் தெருச் சலவைக் கடைக்காரர் தங்களை நிறுத்தி, "இந்த வாரம் ஊருக்குக் கிளம்பறீங்களா? கம்பளி நனச்சு வச்சிருக்கேன்" என்று கேட்டபோதுதான் தங்களுக்கு விஷயம் தெரிந்தது என்று மகள் சொன்னாள். பிறகு தாங்கள் உட்கார்ந்து, பிள்ளைகள் கல்யாணத்திலிருந்து நான் ஓய்வு பெறும்வரை எழுதிய பதினொரு வருடக் குறிப்பையும் படித்தீர்களாம். 'மழை இல்லை. சம்பந்தி வந்தார்.' 'மழை இல்லை. சம்பந்தி இருக்கிறார்.' 'தூறல். சம்பந்தி இன்னும் இருக்கிறார்.' 'கனமழை. சம்பந்தி புறப்பட்டார். வானம் தெளிந்தது.'

தாங்கள் சொன்னதை மகள் அப்படியே சொன்னாள். "இருக்கிறார்னு எழுதியிருந்தா விட்டுடுவேன். 'இன்னும்'னு எழுதியிருக்காரே அந்த மனுஷன். இனி அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்." அதற்கு மேல் அவள் சொன்னதுதான் என்னைக் கொன்றுவிட்டது. "மாமா சரியா சாப்பிடறதில்லப்பா. எனக்கு அவர் முகத்தப் பாக்க முடியல. நீங்க சமாதானம் பண்ற வரைக்கும் எனக்குப் போன் பண்ணாதீங்க." ஒன்பது நாளாக அவள் குரலைக் கேட்கவில்லை.

'இன்னும்' என்பது எங்கள் தொழில் வழக்கம் சம்பந்தி. மேகம் இன்னும் இருக்கிறது என்றால் மேகத்தின் மேல் கோபம் என்றா பொருள்? 'புறப்பட்டார்' என்பதற்கும் 'வானம் தெளிந்தது' என்பதற்கும் நடுவில் முற்றுப்புள்ளி வைத்திருக்கிறேன், தயவுசெய்து கவனிக்கவும். குறியீடும் வெறும் அபத்தம். தாங்கள் வெளிச்சுவருக்கு வண்ணம் பூசும் ஒப்பந்தக்காரர். மேகம் கூடினால் வேலையை நிறுத்துவீர்கள், வேலை நின்றால் பஸ் ஏறி இங்கே வருவீர்கள். மேகம்தான் தங்களைக் கொண்டுவருகிறது, தாங்கள் மேகத்தை அல்ல. இதை அந்தக் கம்பெனிக்குப் போய் ஒரு மணி நேரம் விளக்கினேன். "காரணம் எங்களுக்கு எதுக்கு ஐயா, எண்ணு சரியா வருதில்ல?" என்று சொல்லி, தங்கள் பயணத் திட்டத்தை மாதாமாதம் வாங்கித் தர முடியுமா என்று என்னிடமே கேட்டார்கள். குடையைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

தங்களை மட்டும் குறிவைத்து எழுதவில்லை என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். இதைத் தாங்கள் படித்ததும் கிழித்துவிட வேண்டும். பதிவேட்டில் அங்கங்கே 'வீட்டில் அமைதி' என்று இருக்கும். அது வானிலை அல்ல. என் மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நாட்கள். அவளுக்கு இது தெரியாது, தெரியவும் கூடாது. கட்டிய மனைவியையே விடாதவன் சம்பந்தியை விடுவானா? இப்படிச் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து எழுதினேன். எழுதிய பிறகு சந்தேகமாக இருக்கிறது.

குறிப்புக் கட்டத்தை மட்டும் நீக்கச் சொல்லி நாளைக் காலை மனு கொடுக்கப் போகிறேன். மழை அளவுகள் ஊருக்குச் சொந்தம், நன்றாகத் திறந்து வைக்கட்டும். தாங்கள் வந்ததும் போனதும் நம் இரண்டு குடும்பத்துக்குள் இருக்கட்டும். பெரிய மனது பண்ணி ஒரு முறை வாருங்கள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். சம்பந்தி அம்மாளுக்கு வணக்கம். அவரைப் பற்றிப் பதிவேட்டில் எதுவும் இல்லை, நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

என்றும் தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
மருமகளின் தகப்பன்

பின்குறிப்பு: மறுநாள் மாலை எழுதுகிறேன். மனுவை எல்லாம் சரியாகத்தான் நிரப்பினேன். கடைசியில் 'இணைப்பு, விரும்பினால்' என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டுவிட்டுக் கதவு வரை போனேன். என்னால் முடியவில்லை. திரும்பி வந்தேன். பையில் இந்தக் கடிதம் மட்டும்தான் இருந்தது. அதிகாரி நகல் எடுத்துக்கொண்டு, "மனுவும் திறந்த தரவுதான் ஐயா, நாலு மணிக்கு ஏறிடும்" என்றார். ஐந்து மணிக்கு என் மனைவி தன் போனிலிருந்து 'வீட்டில் அமைதி' என்ற பகுதியை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினாள். குரல் உயரவில்லை. "மொத்தம் எத்தன நாள்?" என்று கேட்டாள். வாய் சும்மா இருக்காமல் இருநூற்றுப் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டேன். "எழுதி வைங்க, இனி கூடும்" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆகவே, நேற்று எழுதிய சமாதானங்கள் எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஊரே படித்த பிறகுதான் இது தங்கள் கைக்கு வரும். மேகம் கூடக் காத்திருக்காமல் உடனே புறப்பட்டு வாருங்கள், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள். பழக்கம் விடாமல் வீட்டு நோட்டில் இன்றைக்கும் எழுதினேன்:

மழை இல்லை. வீட்டில் அமைதி. சம்பந்தி இன்னும் வரவில்லை.