தார்ப்பாய் மேஸ்திரி ராட்டினம் ஏறிய கதை

மைசூரில் மழைக்கு அஞ்சாத மனிதர் ஒருவர்தான். அவரைக் கண்டால் மழையே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பெய்யும். அவர் எங்கள் தார்ப்பாய் மேஸ்திரி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ரேஷன் கார்டைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

ஒரே காம்பவுண்டில் நாங்கள் ஆறு குடித்தனம். ஐந்து வீட்டுக்காரர்கள் தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளி, கோபிநத்தம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். ஆறாவது நான், டைல்ஸ் கடை சேல்ஸ்மேன். சிமெண்ட் படாத கை என்று மேஸ்திரிக்கு என்மேல் கொஞ்சம் இளக்காரம். "டைல்ஸ் தம்பி" என்றுதான் கூப்பிடுவார்.

ஒருமுறை அவர் காலையில் போட்ட ரூஃப் காங்கிரீட்டைச் சாயங்கால மழை கரைத்துக்கொண்டு போய்விட்டதாம். கையில் தார்ப்பாய் இல்லை. தன் வேட்டியையும் ஆட்களின் லுங்கிகளையும் உருவி விரித்துப் பார்த்திருக்கிறார். மானம் போனதுதான் மிச்சம். அன்றிலிருந்து தோளில் ஒரு நீலத் தார்ப்பாய்ச் சுருள் இல்லாமல் மனிதர் தெருவில் இறங்கியதில்லை. தேவராஜ மார்க்கெட்டுக்குக் கொத்தமல்லி வாங்கப் போனாலும் அது கூடவே போகும். ஒரு கல்யாணத்தில் இடிச் சத்தம் கேட்டதும், பந்தியைக் காப்பாற்றுகிறேன் என்று மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேரையும் இலையோடு சேர்த்து மூடிவிட்டார். உள்ளேயிருந்து "இந்தப் பக்கம் பாயசம் வரல" என்று ஒரு குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

இவருக்கு வாய்த்த மனைவி செல்வி அக்கா. இருபது வருஷமாக அவரோடு சிட்டாள் வேலைக்குப் போய்க் காங்கிரீட் சட்டி சுமக்கிறவர். தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. ஒரே ஒரு ஆசையைத் தவிர. ஊருக்கு வெளியே இருக்கிற தீம் பார்க்கில் அந்த ராட்சத ராட்டினம் ஏற வேண்டும்.

"எத்தனை மாடி ஏறியிருப்பேன் தம்பி, எல்லாம் தலையில சுமையோட. ஒரே ஒருக்கா சும்மா உக்காந்துக்கிட்டு மேல போகோணும்," என்று என்னிடம் ஒருநாள் சொன்னார்.

இது ஒரு பெரிய ஆசையா சொல்லுங்கள். ஆனால் மூன்று தடவை கிளம்பி மூன்று தடவையும் கெட்டது. ஒவ்வொரு முறையும் காண்ட்ராக்டரிடமிருந்து போன் வந்துவிடும். "மேஸ்திரி, மிக்ஸர் வந்திடுச்சு, வெயிலும் நல்லாருக்கு, இன்னிக்கே ரூஃப் போட்டுறலாம்." மேஸ்திரிக்கோ போனில் வேலை என்று காதில் விழுந்தால் வாய் தானாக "வந்துர்றேனுங்க" என்று சொல்லிவிடும். மூன்றாவது தடவை பார்க்கின் வாசல் போர்டு கண்ணுக்குத் தெரிந்த பிறகு டெம்போ திரும்பியது. செல்வி அக்கா பூ வைத்த தலையின்மேல் சும்மாட்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு இறங்கிவிட்டார். அன்று மேஸ்திரிக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் மேஸ்திரி காம்பவுண்டு ஆட்களையெல்லாம் ஒன்றுகூட்டினார்.

"இனி மழையிலதான் போறோம்."

"மழையில யாராச்சும் தீம் பார்க் போவாங்களாண்ணா?" என்றேன்.

"வெயில் நாளு காண்ட்ராக்டரோடது தம்பி. மழை நாளுதான் நம்முளுது. கொட்டற மழையில எவன் ரூஃப் போடுவான்?"

"சரி, மழையில ராட்டினம் சுத்துமா?"

"அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம். சும்னிருங்க நீங்க."

அப்புறம் ஆரம்பித்தது ஏற்பாடு. ஆள் ஆளாக நிற்க வைத்து இஞ்சி டேப்பால் அளந்தார். தார்ப்பாயை வெட்டிப் பதினைந்து கோட்டுகள் தயாராயின. ஓரத்தில் வளையம், வளையத்தில் கயிறு. போட்டுக்கொண்டால் லாரியில் ஏற்றப்போகிற வெங்காய மூட்டை போல இருந்தோம். என் மனைவி கண்ணாடியைப் பார்த்துவிட்டு, தன் அம்மாவுக்கு மட்டும் போட்டோ அனுப்பக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

கோட்டுத் தைத்தால் போதுமா, சோதனை பார்க்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் மொட்டைமாடியில் வரிசையாக நிற்க வைத்து, காங்கிரீட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற ஹோஸைத் திருப்பிவிட்டார். ஆளுக்குப் பத்து நிமிஷம். பிறகு ஆண்களுக்கு அவரும் பெண்களுக்குச் செல்வி அக்காவுமாகக் கோட்டுக்குள் கை விட்டு ஈரம் பார்த்தார்கள். பதினான்கு பேர் பாஸ். எனக்கு மட்டும் கழுத்தில் ஒழுகியது.

"ஜாயிண்ட் சரியில்ல. இன்னொருக்கா நில்லுங்க தம்பி."

மூன்று தடவை நின்றேன். அடுத்த மூன்று நாள் ஜலதோஷம். மழையே இல்லாத நாளில் மழைக் கோட்டுக்குள் நனைந்து ஜலதோஷம் பிடித்தவன் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சாமுண்டி மலையின் தலை மேகத்துக்குள் போய்விட்டது. மேஸ்திரி மாடியிலிருந்து இறங்கி வந்து, "நாளைக்கு விடிஞ்சதும் வண்டி" என்றார். வெள்ளிக்கிழமை விடிந்தது. மழை என்றால் அப்படியொரு மழை.

பார்க்கில் எங்களைத் தவிர ஒரு காலேஜ் கூட்டமும் இரண்டு ஜோடிகளும்தான். பதினைந்து நீல மூட்டைகள் இறங்கி வருவதைப் பார்த்து டிக்கெட் கொடுக்கிறவர் எழுந்தே நின்றுவிட்டார். உள்ளே போனால் ராட்டினம் நின்றுகொண்டிருக்கிறது. அதை ஓட்டுகிறவர் கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார். மழை நிற்க வேண்டும், படியும் சீட்டும் காய வேண்டும், ஐந்து மணிக்கு மூடிவிடுவோம்.

மத்தியானத்துக்குள் மற்றவர்களெல்லாம் நனைந்த கோழியாகக் கிளம்பிப் போய்விட்டார்கள். நாங்கள் பொட்டு ஈரமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். மேஸ்திரி சாப்பாட்டைக் கவருக்குள் கவராகக் கட்டியிருந்தார். முடிச்செல்லாம் ஒரே இழுப்பில் அவிழ்ந்தும், புளியோதரையை வெளியே எடுக்கவே அரைமணி நேரம் ஆயிற்று. செல்வி அக்கா சாப்பிடவில்லை. ராட்டினத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு மழை விட்டது. "சீட்டெல்லாம் தண்ணி. ரெண்டு பேர் துடைச்சு முடிக்கறதுக்குள்ள அஞ்சாயிடும்," என்றார் ஓட்டுகிறவர்.

மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நாங்க துடைச்சா ஒத்துக்குவீங்களா?"

அவர் தலையசைத்ததுதான் தாமதம். டெம்போவிலிருந்து சாக்குகள் வந்தன. ரூஃப் போடும்போது சட்டி கை மாறுகிற மாதிரியே சாக்கு கை மாறியது. ஒருவர் துடைக்க, அடுத்தவர் பிழிய, அடுத்தவர் திருப்பிக் கொடுக்க, ஓட்டுகிறவர் ஒவ்வொரு சீட்டாகக் கீழே இறக்கிக் காட்டினார். நான்கூடப் பிழிந்தேன். சிமெண்ட் படாத கையை மேஸ்திரி அன்று குறை சொல்லவில்லை. நாலரைக்குள் ராட்டினம் பளபளவென்று இருந்தது.

செல்வி அக்கா முதல் படியில் காலை வைத்தார். போன் அடித்தது.

காண்ட்ராக்டருக்கென்று வைத்த அந்த ரிங்டோன் காம்பவுண்டுக்கே தெரியும். செல்வி அக்கா காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

மேஸ்திரி சட்டைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். சணல் முடிச்சைப் பிரித்தார். உள்ளே ஒரு கவர். அதைப் பிரித்தார். உள்ளே இன்னொன்று, அதற்கும் ஒரு முடிச்சு. நகத்தால் நெருடினார், பல்லால் கடித்தார், வரவில்லை. ரிங் நின்றது. மறுபடி அடித்தது. மறுபடியும் நின்றது.

"எடுக்க முடியலீங்க. நல்லாப் பேக்கிங் ஆயிருச்சு," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் பொட்டலத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

ஒரு கணம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ஒரு இழுப்பில் அவிழ்கிற முடிச்சைத் தவிர வேறு முடிச்சை அந்த மனிதர் போட்டு நான் பார்த்ததே இல்லை. பதினைந்து கோட்டுக் கயிறும் அப்படித்தான் இருந்தது. அந்த போனுக்கு மட்டும் வேண்டுமென்றே அவிழாத முடிச்சாகப் போட்டு எடுத்து வந்திருக்கிறார். போனை எடுத்துவிட்டால் முடியாது என்று சொல்லத் தன்னால் ஆகாது என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது.

செல்வி அக்காவுக்கு அது எனக்கு முன்பே புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் மேஸ்திரி, மழை விட்டு வெயில் வந்த பிறகும் கோட்டைக் கழற்றாமல். பின் சீட்டில் நானும் என் மனைவியும்.

ராட்டினம் மேலே போகப் போக, செல்வி அக்காவின் வலது கை தானாக எழுந்து தலைக்குப் போனது, சட்டியைப் பிடிக்கிற மாதிரி. அங்கே ஒன்றும் இல்லை. கையை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, கை சும்மா இருக்குதுங்க."

"இருக்கட்டும் புள்ள," என்றார் மேஸ்திரி.

ஐந்து மணிக்குள் ஆறு சுற்று சுற்றினோம். வேறு ஆளே இல்லை, மொத்தப் பார்க்கும் எங்களுக்குத்தான். ஓட்டுகிறவர் கடைசிச் சுற்றைத் தன் சந்தோஷத்துக்கு என்று கூடுதலாகச் சுற்றிவிட்டார். இறங்கும்போது செல்வி அக்கா ராணி மாதிரி இறங்கினார்.

அந்தப் பொட்டலத்தை வீட்டுக்கு வந்ததும் நான்தான் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தேன். ஏழு கவர். மனிதர் நூறு வயசு இருக்கட்டும்.