இழுவை எண் போடுகிறவர்

ஊர் வாயைப் பிடுங்குகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த வீட்டுச் சண்டைக்கு நாற்காலி போட்டு உட்காருகிறவரையும் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் சேர்ந்து நின்றாலே, இவருக்கு இழுவை இவ்வளவு, அவருக்கு அவ்வளவு என்று எண் போட்டுக் கழித்துச் சொல்கிறவரைப் பார்த்ததுண்டா? இல்லை என்று சொல்லாதீர்கள். தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். அந்த இனத்தில் முதல் தரமான உருப்படி எங்கள் வீட்டில் இருக்கிறது. என் மாப்பிள்ளை. வேதியியல் வாத்தியார்.

அவர் டியூஷன் எடுக்கும் அறைக்கும் என் கட்டிலுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். பதினோரு வருடமாக ஒரே பாடம் என் காதில் விழுகிறது. எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் ஃப்ளூரினுக்கு நாலு, ஆக்சிஜனுக்கு மூன்றரை, சோடியத்துக்கு ஒன்றுக்கும் கீழே என்பது தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் வரும். சங்கதி இவ்வளவுதான். இரண்டு அணுக்கள் எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கொண்டு ஒட்டிக்கொள்கின்றன. பங்கு என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. எவனுக்கு இழுவை அதிகமோ அவன் பக்கம் அது சாய்ந்துவிடும். அந்த இழுவைக்குக் கவர்தன்மை என்று பெயர், ஆளுக்கொரு எண்ணும் உண்டு. பெரிய எண்ணில் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும். அரைக்குள் வந்தால் ஏறக்குறைய சரிபங்கு. அரையைத் தாண்டினால் முனைவு வந்துவிட்டது. இழுத்தவன் பக்கம் கொஞ்சம் மைனஸ், இழந்தவன் பக்கம் கொஞ்சம் பிளஸ். ஒன்று புள்ளி ஏழையும் தாண்டிவிட்டால் பங்காவது மண்ணாவது! ஒருவன் கொடுத்தே விட்டான், மற்றவன் வாங்கி உள்ளே வைத்தே விட்டான்.

பிள்ளைகள் இதைப் பரீட்சை வரை வைத்திருந்துவிட்டு மறந்துபோகிறார்கள். புத்திசாலிகள். இவர்தான் மறக்கமாட்டேன் என்கிறார்.

மழை வந்தால் ஜன்னலை விட்டு நகரமாட்டார். ஒரு குடையில் இரண்டு பேர் போனால் போதும், யாருடைய தோள் நனைகிறது என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். "தபால்காரர் சம்சாரத்தைப் பாருங்க அத்தை, தலையில ஒரு சொட்டு இல்ல. மனுஷன் இடது பக்கம் முழுக்கத் தொப்பல். வித்தியாசம் ஒண்ணு புள்ளி நாலு. நல்ல முனைவு!" என்பார். முடிதிருத்துகிறவரைத் தாயும் மனைவியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கிறார்கள் என்று தெருவே பரிதாபப்பட்டபோது இவர் மட்டும் கைதட்டினார். இரண்டு பேரும் நேர் எதிராகச் சமமாக இழுத்தால் ஒரு இழுவையை மற்றது ரத்து செய்துவிடுமாம். ஆள் இருந்த இடத்தில் இருப்பானாம். கார்பன் டை ஆக்சைடு அப்படித்தானாம். அந்த இரண்டு பேரும் ஒரே பக்கமாகக் கோணி நின்று இழுத்தால்தான் ஆபத்து, அது தண்ணீர்க் கதையாம். முடிதிருத்துகிறவர் எங்கள் தெருப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

இதெல்லாம் ஊர் வம்போடு போயிருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கப்போகிறேன்? போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தியின் கல்யாணப் பேச்சிலேயே கழித்தல் போட்டுவிட்டார்.

பேத்திக்கு வாய் நீளம், கை அதைவிட நீளம். உங்கள் தட்டில் இருப்பதும் அவளுடையதுதான். அவள் மனசுக்குப் பிடித்தவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். கேட்டால் சட்டையைக் கழற்றிக் கொடுப்பான், கேட்காவிட்டாலும் கொடுப்பான். அன்று பெண் கேட்டு வந்தான். அவன் முதுகுக்கு வைத்த திண்டை என் மாப்பிள்ளை கேட்டார், கொடுத்தான். புழுக்கம் என்றார், ஃபேனை அவர் பக்கம் திருப்பினான். பிஸ்கட்டை இரண்டாக உடைத்தான். பெரிய பாதியைப் பேத்தி பறித்துக்கொண்டாள். சின்னப் பாதியை மாப்பிள்ளையே வாயில் போட்டுக்கொண்டு, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன் என்பதுபோலத் தலையாட்டினார்.

"வேணாம் தம்பி. நீ சோடியம். இவ குளோரின். கழிச்சா ரெண்டு புள்ளி ரெண்டு. இது பங்கு இல்ல, பறிப்பு. உன்னை உரிச்சுடுவா."

"அப்பா! நீங்க யாருக்கு அப்பா?" என்றாள் பேத்தி.

"நான் அறிவியலுக்குப் பொதுவான ஆள்மா."

அந்தப் பையன் முகம் விழுந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தான். அவன் வாசலைத் தாண்டினால் அவ்வளவுதான். கூச்சக்காரன், இன்னொரு தடவை வந்து கேட்க மாட்டான். பேத்தி அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவளும் இந்த வீட்டில் வளர்ந்தவள், தடுப்புக்கு இந்தப் பக்கம் என்னோடு படுத்தவள்.

"சோடியமும் குளோரினும் சேர்ந்தா என்னப்பா?"

"உப்பு."

"அதை உருக்க எத்தனை டிகிரி வேணும்?"

வாத்தியாருக்கு ஒரு வியாதி உண்டு. கேள்வி கேட்டால் பதில் வந்துவிடும், வீடே இடிந்தாலும். "எண்ணூத்தி ஒண்ணு!" என்றார், குஷியாக.

"கார்பனும் ஹைட்ரஜனும் கிட்டத்தட்டச் சரிபங்கு போட்டுக்கிட்டு ஒத்துமையா இருக்கே, மெழுகு? அது?"

"அறுபது... ஏய், அது வேற கணக்கு! அங்க உருகறப்போ மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் நடுவுல இருக்கிற..."

"எண்ணூறு எங்க, அறுபது எங்க? ஒருத்தன் குடுத்து ஒருத்தி வாங்கினா ஒட்டாதுன்னு எந்தப் புஸ்தகத்துலப்பா இருக்கு?"

வித்தியாசம் பெரிதானால் பிணைப்பு உடைந்துவிடும் என்று அந்தப் பதினோரு வருடத்தில் மாப்பிள்ளை ஒருநாளும் சொன்னதில்லை. இல்லாத பாடத்தை வீட்டுக்கு மட்டும் தனியாக வைத்திருந்தார். கடைசியில் திண்டைச் சரிசெய்துகொண்டு, "உப்பு கெட்டியான சமாசாரம்தான். நான் மறுக்கல. நல்லா இருங்க" என்றார். லிஃப்ட்காரன் சந்தோஷத்தில் தன் தேநீரையும் அவரிடமே நீட்டினான். வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் என் மகள், அதுவரை சுவரில் சாய்ந்து நின்றவள், கேட்டாள். "என்னங்க, எல்லாருக்கும் எண் போட்டீங்களே, உங்க எண் என்ன?"

திண்டில் சாய்ந்து, ஃபேன் காற்றில் தலைமுடி பறக்க, இரண்டு கையிலும் இரண்டு தேநீரோடு சொன்னார் பாருங்கள்: "எனக்கா? பொட்டாசியம். பூஜ்யம் புள்ளி எட்டு. இந்த வீட்டுக்குக் குடுத்தே தேஞ்சவன் நான்."

மகள் சிரித்த சிரிப்பில் எனக்கே புரையேறிவிட்டது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நான் சொல்லிக்கொண்டு வரும்போதே உங்கள் வீட்டில் ஒருவருக்கு நாலு என்று மனசுக்குள் போட்டாயிற்று, இல்லையா? போட்டீர்கள், எனக்குத் தெரியும். சரி, உங்களுக்கு என்ன போட்டுக்கொண்டீர்கள்? ஒன்றுக்குக் கீழேதானே? அதை அடுத்த அறையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.