உறைக்கு மாறுதல் இல்லை

எடை முத்திரை அலுவலகத்தில் பணிபுரியும் எவரும் இனி வாளின்றி இருத்தலாகாது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குச் சுற்றறிக்கை வந்தது.

கடைக்காரர்கள் கொண்டுவரும் எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரை குத்துவது அந்த அலுவலகத்தின் வேலை. அங்கே வாளுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டுமானால் சுற்றறிக்கையைப் படித்திருக்க வேண்டும். முப்பத்திரண்டு பேரும் 'படித்து அறிந்தேன்' என்று கையெழுத்துப் போட்டார்கள். படித்தவள் ஒருத்திதான். அவளை எல்லோரும் முத்தெழுத்து என்று கூப்பிட்டார்கள். அவள் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும்.

சுற்றறிக்கை சொன்னது: "கோப்புகள் நகராமைக்குப் பணியாளர்களின் சோம்பல் காரணமன்று. அவர்கள் தத்தம் குணத்துக்கு ஒவ்வாத போர்முறையைக் கையாள்வதே காரணம் என்று ஆய்வில் தெளிவாகியுள்ளது. எனவே வரலாற்று வாள்களுள் தமக்குப் பொருந்துவது எது என்று ஒவ்வொருவரும் கண்டறிந்து, அந்த வாளுக்குரிய முறைப்படியே கோப்புகளை எதிர்கொள்ளுதல் வேண்டும். வாள் வகை குறிப்பிடப்படாத எந்த மனுவும் ஏற்கப்படாது."

கடைசி வரியை முத்தெழுத்து இரண்டு தடவை படித்தாள். அவளுடைய மாறுதல் மனு நாலு வருஷமாகத் தலைமை அலுவலரின் மேஜையில் கிடந்தது. ஓவிய ஆசிரியரான கணவரும் ஏழு வயது மகளும் கடலோர ஊர் ஒன்றில் இருந்தார்கள். இவள் இங்கே. நடுவில் ஆறு மணி நேரப் பஸ். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் அம்மா. மற்ற ஆறு நாளும் முத்தெழுத்து.

சுற்றறிக்கையோடு ஆளுக்கொரு படிவம் வந்தது. அறுபது கேள்வி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் 'கையெழுத்து புரியவில்லை' என்று தலைமையகம் ஒரு படிவத்தைத் திருப்பி அனுப்பியதாம். அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் எந்தப் படிவத்தையும் யாரும் தன் கையால் நிரப்புவதில்லை. எல்லாம் முத்தெழுத்து மேஜைக்கு வந்துவிடும். இதுவும் வந்தது.

"அண்ணே, 'எதிரியின் கண்ணை நேராகப் பார்ப்பீர்களா'ன்னு கேட்டிருக்கு. என்ன போட?" என்றாள் பியூனிடம். மணி அடித்தால் "இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு வராமலே இருபது வருஷம் ஓட்டியவர். பெயரே 'இதோவர்றேன்' என்று ஆகிவிட்டது.

"நீயே பார்த்துப் போடும்மா. என்னைப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

ஆகவே அவள் எல்லோருக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினாள். 'பகைவன் வாசலில் நின்றால்: அ) எதிர்கொள்வேன் ஆ) பின்வாங்குவேன்' என்ற கேள்விக்குத் தலைமை அலுவலர் சார்பில் எதையும் குறிக்க மனம் வரவில்லை. கீழே அழகாக ஒரு 'இ' போட்டு 'நாளை வரச் சொல்வேன்' என்று எழுதிக் குறித்தாள்.

முப்பத்தொன்று முடிந்தது. தன்னுடையதை எடுத்துப் பேரை எழுதும்போது மணி ஐந்து. வாழ்நாளில் முதல்முறையாக 'இதோவர்றேன்' சொன்ன நேரத்துக்கு வந்து, படிவக் கட்டை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் ஆளுமை ஆலோசகர் வந்தார். கோட்டு, கழுத்துப் பட்டை, மரவாள்கள் நிறைந்த ஒரு கோல்ஃப் பை. எல்லோருக்கும் ஒரு விதிப்புத்தகம் கொடுத்துவிட்டு முடிவுகளை அறிவித்தார்.

"மேற்பார்வையாளர்: ரோமானியக் குட்டை வாள். கேடயத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்து, பக்கத்து ஆளோடு சேர்ந்து மட்டுமே குத்துவார்."

"என் மனைவியும் இதைத்தான் சொல்லுவா!" என்று பூரித்தார் மேற்பார்வையாளர்.

"இவர்: ஜப்பானியக் கட்டானா வாள். உறையிலிருந்து உருவுவது வாழ்நாளில் ஓரிரு முறைதான்."

'இதோவர்றேன்' எழுந்து வணங்கினார். கைதட்டல் அடங்க நேரமானது.

"தலைமை அலுவலர்..." ஆலோசகர் குரலைத் தாழ்த்தினார். "அரசவை அலங்கார வாள். கைப்பிடியில் ரத்தினம். முனை கிடையாது. போருக்குப் போகாது. சுவரில் தொங்கும். அது தொங்குகிறது என்பதாலேயே அரசாங்கம் நடக்கும்."

தலைமை அலுவலருக்குக் கண் கலங்கிவிட்டது. "இருபத்தெட்டு வருஷத்துல என்னைப் புரிஞ்சுக்கிட்ட முதல் ஆள் சார் நீங்க."

"கடைசியாக, இந்த அம்மா. அறுபது கேள்விக்கும் பதில் இல்லை. வாள் தென்படவில்லை. எனவே... உறை."

மறுநாளிலிருந்து அலுவலகம் போர்முறைப்படி இயங்கியது. இரட்டைக் கைவாள் என்று தீர்ப்பான சோதனையாளருக்கு வீச ஆறடி வேண்டும் என்பதால் பக்கத்து மேஜைகள் வராந்தாவுக்குப் போயின. ஊசிவாள்காரர் கோப்பைத் தொடுமுன் மூன்றடி முன்னும் இரண்டடி பின்னும் வைத்தார். தராசோடு வந்த கடைக்காரர் ஒருவரை ஜன்னலிலேயே நிறுத்தினார்கள்.

"உங்க வாள் என்ன?"

"வாளா? தராசு சார். முத்திரை வேணும்."

"தராசு தெரியுது. நீங்க யாருன்னு தெரியணுமில்ல? வளைவாளா, நேர்வாளா?"

"நான் அரிசிக் கடை சார்."

"ஓடுறீங்களா, நிக்கிறீங்களா?"

"காலைலேர்ந்து நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்போ நேர்வாள். அடுத்த ஜன்னல்."

வெள்ளிக்கிழமை மாறுதல் மனுக்களுக்குக் கடைசி நாள். புதன்கிழமை முத்தெழுத்து தலைமை அலுவலரின் அறைக்குள் போனாள். சுவரில் ஒரு நிஜமான அலங்கார வாளே மாட்டியிருந்தது.

"விதி பதினாலு பாரும்மா. 'உறை தனியே இடம்பெயராது. தன் வாளோடு மட்டுமே இடம்பெயரும்.' உன் வாள் எது?"

"எனக்கு வாளே இல்லைன்னுதான சார் உறைன்னாங்க?"

"அதான் சொல்றேன். வாள் இருந்தா போயிருக்கலாம். இல்லாததனாலதான் உறை. உறையா இருக்கறதனாலதான் போக முடியாது. தெளிவாத்தான இருக்கு?"

"சார், எல்லாருடைய படிவத்தையும் நான்தான் எழுதினேன். உங்களோடதும் நான்தான்!"

"அது ஊருக்கே தெரியுமே. அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. சக பணியாளர் ஒருவர் அவளைப் பற்றி அறுபது கேள்விக்கும் பதில் எழுத வேண்டும். எட்டு வருஷமாகப் பக்கத்து மேஜையில் இருக்கும் மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டார். பேனாவை எடுத்தார். மூடினார். தலையைச் சொறிந்தார்.

"உனக்குக் கோபம் வருமாம்மா?"

"வரும் சார்."

"அப்படியா! தெரியவே தெரியாது. குழந்தை இருக்கா?"

அவள் பதில் சொல்வதற்குள் படிவத்தை அவள் பக்கமே தள்ளிவிட்டார். "நீயே எழுதிடும்மா. உன் எழுத்துல இருந்தாத்தான் அழகா இருக்கும்."

முத்தெழுத்து படிவத்தை எடுத்துப்போய் விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். பதினாலுக்குக் கீழே பதினைந்து இருந்தது. 'ஓர் உறையில் இரு வாள் தங்காது என்னும் மூதுரைக்கிணங்க, ஓர் அலுவலகத்தில் இரண்டு அலங்கார வாள்கள் இருக்கலாகாது. இருப்பின் ஒன்றை, நிலுவையிலுள்ள மாறுதலிடத்துக்கு இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அனுப்புக.'

நிலுவையிலிருந்த மாறுதலிடம் ஒன்றே ஒன்று. அவள் கேட்டிருந்த கடலோர ஊர். இருவரில் ஒருவர் போக வேண்டுமென்றால் சின்னவர்தான் போவார். அலுவலகம் தோன்றிய நாளாக அதுதான் வழக்கம். அவள் தலைமை அலுவலருக்கு எழுதிய அறுபது பதில்களையும் ஒன்றுவிடாமல் தனக்கு எழுதினாள். 'இ'யையும் மறக்கவில்லை. மகளுக்கு ஃபோன் போட்டாள். "பாப்பா, அலமாரில எனக்கு ஒரு தட்டு ஒழிச்சு வைடா."

வெள்ளிக்கிழமை தலைமையகத்திலிருந்து ஆணை வந்தது. தலைமை அலுவலரே நின்றுகொண்டு வாசித்தார்.

"மேல்முறையீடு ஏற்கப்பட்டது. மேற்படி அம்மையாரும் அலங்கார வாளே. இரு வாள்களுக்கும் எள்ளளவும் வேறுபாடு இல்லை. ஆகவே எவர் போவது, எவர் தலைமை இருக்கையில் தொங்குவது என்பதைத் தற்போதைய தலைமை அலுவலரே முடிவுசெய்க."

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நாலு வருஷமா உன் மனுவை நான் படிக்கலைம்மா, மன்னிச்சுக்கோ," என்றார் அவர். "நேத்துத்தான் படிச்சேன். அடடா! அந்தக் கடல் காத்து, சாயங்கால வெளிச்சம், ஜன்னல்லேர்ந்து தெரியற தோணிங்க... என்ன எழுத்து! படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கே போகணும்னு ஆயிடுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதான், நானே போறேன்."

கைதட்டல் வானைப் பிளந்தது. முத்தெழுத்துக்கு மாலை போட்டார்கள். மேற்பார்வையாளர் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். "நம்ம அலுவலகத்துலேர்ந்தே ஒருத்தர் சுவருக்குப் போயிருக்காங்க," என்று 'இதோவர்றேன்' உணர்ச்சிவசப்பட்டார்.

பொறுப்பேற்கும் கோப்புகளில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போக முடியாமலே கழிந்தது. திங்கட்கிழமை அவளுடைய மேஜையில் ஒரு மனு இருந்தது. அவளுடையதேதான். தன் மனுவைத் தானே ஏற்கலாகாது என்பது விதி இருபத்தொன்று. வெளியே தராசுகளோடு வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. அப்போது ஃபோன் அடித்தது.

"அம்மா! பக்கத்து வீட்டுக்குப் புதுசா ஒரு தாத்தா வந்திருக்காரு. வாள் மாட்டணும்னு ஆணி கேட்டாரு!"

"ம்."

"அப்பா தட்டியில பேர் எழுதிட்டு இருந்தாரா, அதைப் பார்த்துட்டு, 'தம்பி, உங்க எழுத்து முத்து முத்தா இருக்கே'ன்னு சொல்லி ஒரு கட்டுக் காகிதம் குடுத்துட்டுப் போயிட்டாரு. அப்பா ரெண்டு நாளா எழுதிக்கிட்டே இருக்காரு. பேசக்கூட மாட்டேங்கறாரு. நான் உனக்குத் தட்டு ஒழிச்சு வச்சுட்டேம்மா. நீ எப்போ வருவே?"

பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். தலைக்கு மேலே சுவரில், பழையவர் வாளை எடுத்துப் போன ஆணி மட்டும் இருந்தது. பதில் எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. அச்சு அசல் அவர் குரலிலேயே வந்தது.

"நாளைக்கு."