அபொலேனா விஷம் வைக்கவில்லை

பிராக்,
அக்டோபர் 29.

அன்புள்ள ப்ளாஜெனா அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலந்தானே? அத்தானின் முழங்கால் வலியும் உன் பூனையின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம், வேலைதான் நலமில்லை. இதைப் படித்ததும் டாக்டருக்குப் போன் செய்யாதே.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். மடக்கிய குடையை உயர்த்திப் பிடித்து நடப்பேன், இருபத்திரண்டு சுற்றுலாப் பயணிகள் பின்னால் வருவார்கள். மழை வந்தால் அவர்கள் குடை விரிக்கலாம், நான் கூடாது. விரித்தால் எது என் குடை என்று தெரியாமல் வேறு கூட்டத்தோடு போய்விடுவார்கள். கையில் குடையோடு நனைகிற தொழில் இது. ஒவ்வொரு முனையிலும் தலை எண்ணுவேன். போன செவ்வாய் மதியம், மாலா ஸ்ட்ரானா பேட்டையில், ரொட்டிக்காரர் சந்தில் எண்ணினால் இருபத்து மூன்று.

இலவசமாகக் கதை கேட்க ஒட்டிக்கொள்பவர்கள் எப்போதும் உண்டு. கடைசியில் நின்ற சாம்பல் நிறக் கோட்டுக்காரியைப் பிடித்தேன். "அம்மா, இது டிக்கெட் வாங்கினவங்களுக்கு மட்டும்."

"என் வீட்டு வாசல்ல நிக்க எனக்கு எதுக்குடி டிக்கெட்டு?"

அப்போதுதான் கவனித்தேன். கொட்டுகிற மழையில் அவள் கோட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அந்தச் சந்தில் நான் சொல்லும் கதை எங்கள் முதலாளி வொண்ட்ராச்செக் பீர் குடித்துக்கொண்டே கட்டியது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் அபொலேனா என்பவள் ரொட்டிக்காரப் புருஷனை விஷம் வைத்துக் கொன்றாள் என்று. கூட்டம் சிலிர்த்துப் போகும்.

"நான் விஷம் வைக்கலடி," என்றாள் அவள். "அந்த மனுஷன் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை மெல்லாம முழுங்கினான், தொண்டையில அடைச்சுக்கிச்சு. முதுகுல குத்தோ குத்துன்னு குத்தினேன். நீ நாலு வருஷமா தினம் ரெண்டு தடவை என்னைக் கொலைகாரியாக்குற. இறந்தவங்க நாள் வருது, ஊர்ல எல்லாக் கல்லறையிலயும் மெழுகுவத்தி ஏத்துவாங்க. கொலைகாரிக்கு எவ ஏத்துவா?"

எண்ணிப் பார்த்தேன். மறுபடி இருபத்திரண்டு.

பயத்தைவிட வெட்கம்தான் எனக்கு அதிகம், அக்கா. சரித்திரம் படித்தவள் நான். அவள் இருந்தாளா, இல்லையா என்றுகூட ஒரு நாளும் யோசிக்காமல் அவள் பெயரைக் கெடுத்திருக்கிறேன். மறுநாள் கொழுக்கட்டையைச் சொன்னேன். ஒரு பெரியவர் "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார். மாலைக்குள் முதலாளி கூப்பிட்டார்.

"கொழுக்கட்டைக் கதை கேக்க எவன் பிளேன் ஏறி வருவான், யர்மிலா? நாளைக்கு ஒழுங்கா விஷம் வை. இல்லன்னா அடையாள அட்டையைக் கழட்டி மேசையில வை."

"அபொலேனாங்கற பேரு உங்களுக்கு எங்க கிடைச்சது?"

"தானா வாயில வந்துச்சு," என்றவர், எழுந்து போய் சன்னலைச் சாத்தினார்.

அட்டையைக் கழற்றி வைத்துவிட்டேன். செத்தவள்தான், ஆனாலும் ஒரு பெண்ணின் மானம் அல்லவா? நாற்பத்தாறு வயதில் வேலையில்லாமல் சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். தையல் மிஷின் இருக்கும் அறையைக் கொஞ்சம் ஒழித்து வை.

உன் வீட்டில் எல்லோரும் நீண்ட ஆயுளோடு, நிதானமாக மென்று சாப்பிட்டு வாழ வேண்டும்.

உன் தங்கை,
யர்மிலா

பின்குறிப்பு: அறையை ஒழிக்காதே. தபால் நிலையத்துக்கு வரும் வழியில் அவளிடம் விடைபெற அந்தச் சந்துக்குப் போனேன். அவள் இல்லை. மாவு படிந்த மேலங்கியோடு ஒரு மனிதர் நின்றார். இந்த மழையிலும் மாவு கரையவில்லை. "கொழுக்கட்டைன்னு சொல்லிட்டு திரியறியாமே? நான் அதைத் தொட்டதே இல்லம்மா, பிடிக்காது. அன்னைக்கு வெறும் சூப்புதான்," என்றார். முதலாளியிடம் அட்டையைத் திரும்பக் கேட்கப் போகிறேன். இப்போது தபால் நிலைய வரிசையில் அந்த ரொட்டிக்காரர் எனக்குப் பின்னால் நின்று, நான் எழுதுவதைத் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருக்கிறார். "கசந்துச்சுன்னும் எழுது" என்கிறார்.