ஆய்வக முத்திரையோடு நலம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம் என்று எழுத இத்தனை நாளாகக் கை வரவில்லை. பதில் தாமதமானது அதனால்தான். இன்று ஆய்வகத்தின் முத்திரையோடு எழுதுகிறேன்: நலம்.

பாப்பாவுக்குக் கொஞ்ச நாளாக வயிறு சரியில்லை. டாக்டரம்மா மலம் பரிசோதிக்கப் பாட்டில் கொடுத்தார். அதுவரை நாளுக்கு ஆறு முறை போனவள், பாட்டிலைக் கண்டதும் மருந்துக்குக்கூடப் போகவில்லை. நான் ஆபீசிலிருந்து மணிக்கொரு தரம் போன் செய்து "போனாளா, போனாளா" என்று கேட்க, பக்கத்து மேசைக்காரி காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டாம் நாள் மாலை இவர், "குடுத்துட்டேன், நிம்மதியா வேலையப் பாரு" என்றார். முடிவில் அமீபா என்று வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டரம்மாவோ, "பதறாதீங்கம்மா. இதுல ரெண்டு வகை. மைக்ராஸ்கோப்ல அச்சு அசல் ஒண்ணுபோலவே இருக்கும். ஒண்ணு குடலைப் புண்ணாக்கும், இன்னொண்ணு சும்மா குடியிருந்துட்டுப் போயிடும். மரபணுவைப் பாக்குற டெஸ்ட்லதான் எதுன்னு தெரியும். அதே சாம்பிளை அனுப்புறேன்" என்றார்.

அந்த ஐந்து நாளும் பாப்பாவுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், தனித் துண்டு. கதவுக் கைப்பிடியைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவினேன். "கைப்பிடி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டபடியே இவர் என் தட்டிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். "சிரிங்க. அக்கா எட்டு மாசக் குழந்தையோட தங்க வரா. அதுக்கு ஏதாவது ஒட்டிச்சுன்னா அவ முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றேன். அதோடு சிரிப்பு நின்றது.

இன்று முடிவு வந்துவிட்டது: சாது வகை. மருந்தே வேண்டாமாம். சனிக்கிழமை தைரியமாகக் குழந்தையோடு வா. அத்தானுக்கு வணக்கம், குட்டிக்கு முத்தம்.

அன்புத் தங்கை

பி.கு.: உறையை ஒட்டச் சொல்லி இவரிடம் கொடுத்தேன், ஒட்டாமல் திருப்பித் தந்தார். அன்று பாப்பா போகவே இல்லையாம், ஆய்வகம் மூடும் நேரமாம், நான் போனில் அழுதேனாம். "பாட்டில்ல அவ பேருதான் இருந்துச்சு. உள்ள இருந்தது என்னோடது" என்கிறார். ஆகவே அக்கா, அந்தச் சாது இவருடையது. பாப்பாவுக்கு என்னவென்று யாருக்கும் தெரியாது. நாளை புதுப் பாட்டிலோடு நானே பக்கத்தில் உட்காரப் போகிறேன். முடிவு தெரியும்வரை புறப்படாதே. தனித் தட்டு பாப்பாவுக்கா, இவருக்கா என்று குழம்பி இருவருக்கும் வைத்தேன். என் தட்டில் கைவைத்தவர் இவர் என்பதால் எனக்கும் ஒன்று. இப்போது வீட்டில் ஆளுக்கொரு தட்டு, அதாவது, எப்போதும்போல.