ஊசியிறக்கும் சாமி

வெள்ளிக்கிழமை மாலை புதுவாயல் கூட்டுரோட்டில் பஸ் நிற்க இடமில்லை. கம்பெனி வேன்கள் பெண்களைக் கும்பல் கும்பலாக இறக்கின. ஊசியிறக்கும் சாமி வந்திருக்கிறார்! கொரோனா ஊசி போட்டு மாதவிடாய் தள்ளிப்போன பெண்களின் கையிலிருந்து விஷத்தை இறக்குகிறாராம். சென்ற ஆண்டு இதே இடத்தில் வாஸ்து மீன் விற்ற ஆதிநாராயணன்தான் அவர். மீன்கள் செத்தன, சாமி பிறந்தார்.

வரிசையில் ரத்னா. பக்கத்தில் அவளுடைய அறைத்தோழி துர்காதேவி. வேதியியல் படித்தவள், பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் வேலை. நாலு பேர் பார்த்தால் அவள் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும்.

"பன்னெண்டு நாள் தள்ளிப்போச்சுடி. ஊசி போட்ட நர்சம்மாவ கேட்டா, 'அதெல்லாம் இங்க பேசாதே, நவுரு'ன்னுட்டாங்க. இவரு ஒருத்தருதான் காது குடுத்துக் கேக்கறாரு," என்றாள் ரத்னா.

"நாளைக்கு ரெண்டாவது ஊசிடி."

"சாமி வேணாம்னா போட மாட்டேன்."

துர்காதேவிக்குக் கவலை வேறு. ரத்னாவின் அம்மாவுக்கு டயாலிசிஸ். ஞாயிறுதோறும் அவளைக் குளிப்பாட்டுவது ரத்னாதான். மகள் கொரோனாவைச் சுமந்துகொண்டு போனால் அந்த உடம்பு தாங்காது.

சாமி ஒரு பெண்ணின் கையில் மஞ்சள் பூசினார். கண்ணை மூடி முணுமுணுத்தார். செம்பிலிருந்து தெளிந்த தீர்த்தத்தைத் தெளித்தார். மஞ்சள் ரத்தச் சிவப்பாயிற்று. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பாத்தியா, விஷ ரத்தம்! மூணு வெள்ளிக்கெழம வா. ரெண்டாவது ஊசி பக்கமே போவாதே. மூணாம் மாசம் சரியா வரும், கேரண்டி!"

தானாகச் சரியாகிற ஒன்றுக்குக் கேரண்டி தருவதில் என்ன கஷ்டம்? நாளை விடியும் என்று கோழிகூடத்தான் தருகிறது.

ரத்னாவின் முறை வந்தது. துர்காதேவி முந்திக்கொண்டாள். ஆய்வகத்தில் தினமும் அவளுக்கு முதல் வேலை, சோதிக்க வேண்டிய பொருள் எதையும் சேர்க்காமல் வெறுமனே ஒரு சோதனை செய்து பார்ப்பது. ஒன்றுமே இல்லாதபோது நிறம் மாறினால் கோளாறு சோதனைக்கு ஊற்றும் மருந்தில்தான்.

"சாமி..." பாதிக் குரல்தான் வந்தது. "நீங்க ஊசி போட்டுக்கினீங்களா?"

"சீ! இந்த ஒடம்புல விஷமா?"

"அப்போ உங்க கையில செவக்காது. எல்லாருக்கும் காட்டுங்களேன்."

"காட்டு சாமி!" என்றது கூட்டம். சாமி இருமினார். ராகுகாலம் என்றார். பக்தி முற்றிய ரத்னாவுக்குப் பொறுக்கவில்லை. தானே மஞ்சளை அள்ளி அவர் கையில் அப்பிச் செம்பைக் கவிழ்த்தாள்.

சாமியின் கை செக்கச்செவேலென்று சிவந்தது.

பின்வரிசை எட்டிப் பார்த்தது.

"சாமி," என்றாள் ரத்னா, "உனக்கு எத்தினி நாள் தள்ளிப்போயிருக்குது?"

சிரிப்பில் பந்தல் ஆடியது. ரத்னா செம்பின் அடியில் படிந்திருந்த வெள்ளையை விரலால் வழித்தாள். "ஐய, சுண்ணாம்பு! இது ஆரத்திடி! போன மாசம் எங்கக்கா கல்யாணத்துல நான்தானே கரைச்சேன்!"

கல்யாணம், சடங்கு, பிரசவம் என்று ஆளுக்கு ஐம்பது ஆரத்தி கரைத்த கைகள். சாமி கரைத்தால் மட்டும் ரத்தமாம்!

சிவந்த கையோடு சாமி ஆந்திரா பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்.

"அப்போ என் பன்னெண்டு நாள்?" ரத்னா கேட்டாள்.

கூட்டம் முழுவதும் துர்காதேவியைப் பார்த்தது. இந்த முறை குரல் முழுசாக வந்தது. "ஊசிக்கப்புறம் சில பேருக்குக் கொஞ்ச நாள் முன்னப்பின்ன ஆவும். எனக்கும் எட்டு நாள் தள்ளிச்சு. ஒண்ணு ரெண்டு மாசத்துல தானா சரியாயிடும். ஆவலேன்னா டாக்டராண்ட போ."

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி?"

"வெக்கமா இருந்துச்சு."

மறுநாள் ரத்னா நர்சம்மாவிடம் அதே கேள்வியை வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். பதில் வந்த பிறகுதான் கையை நீட்டினாள்.

பெண்களே, நாம் வெட்கப்பட்டு விழுங்கும் ஒவ்வொரு கேள்விக்கும் எங்கோ ஒரு சாமி சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருக்கிறார். முதலில் கேளுங்கள். ஆரத்தி எடுப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.